ஆஸ்பத்திரி டேட்டா லீக் ஆனா அபராதம் அரசாங்கத்துக்கு... உங்களுக்கு என்ன?



பொங்கல் லீவுக்கு எங்க ஊர் திருவெள்ளறைக்குப் போயிருந்தப்ப, சித்தப்பா என்னைத் தனியா கூப்பிட்டார். பணம் சம்பந்தமா எதுன்னாலும் குடும்பத்துல எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. சேனல் நடத்துறதோட பக்க விளைவு அது. ஆனா இந்தத் தடவை அவர் கேட்டது எஃப்டி வட்டி பத்தி இல்லை.

டிசம்பர்ல திருச்சியில ஒரு லேப்ல சுகர் டெஸ்ட் எடுத்திருக்கார். பேக்கேஜ் 1,450 ரூபாய். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன். "சார், உங்க மூணு மாச சராசரி சுகர் 9.2 இருக்கே, டாக்டர் எதுவும் சொல்லலையா?" பெயர், வயசு, டெஸ்ட் எடுத்த தேதி எல்லாமே சரியா சொல்லியிருக்காங்க. லேப்ல இருந்துதான் பேசுறாங்கன்னு இவர் நம்பிட்டார். சீனியர் சிட்டிசன் சலுகையில பாதிப் பணம் திரும்ப வரும்னு ஒரு லிங்க் அனுப்பியிருக்காங்க. அதை அழுத்தினதுல போனது 18,400 ரூபாய்.

"அந்த மெசேஜ் எல்லாம் எங்க சித்தப்பா?"

"அழிச்சுட்டேன்டா. உங்க சித்தி பார்த்தா கத்துவாளேன்னு..."

பணம் போனதைவிட எனக்கு இந்தப் பதில்தான் வயித்தைக் கலக்குச்சு. ஏன்னு போகப் போகப் புரியும்.

"வயசானவங்க, ஏமாந்துட்டாங்க, நமக்கெல்லாம் நடக்காது"ன்னு நினைக்கிறீங்களா? லிங்க்கை அழுத்தாம நீங்க தப்பிச்சிருக்கலாம். ஆனா உங்க டேட்டா வெளியே போறதுக்கு நீங்க எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியதில்லை. 2022 டிசம்பர்ல கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டில் இருக்கிற ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரோட சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் டெலிகிராமில் விற்பனைக்கு வந்திருந்தது. 2007 முதல் 2011 வரையிலான பழைய டேட்டா. கசிந்தது ஆஸ்பத்திரியில் இருந்து நேரடியா இல்லை, அவங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை பார்த்த வெளி நிறுவனம் வழியா என்பது கிளவுட்செக்கின் கணிப்பு. ஒரு காப்பியின் விலை 100 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 8,200 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு ஆளுக்கு அஞ்சரைப் பைசா. பெயர், பிறந்த தேதி, முகவரி, டாக்டர் விவரம் எல்லாம் சேர்த்து அஞ்சரைப் பைசா!

இதைவிடப் பெரிய கதை ஸ்டார் ஹெல்த். சென்னையில் தலைமையகம் வச்சிருக்கிற நிறுவனம், உங்கள்ல நிறைய பேர் பாலிசி வச்சிருப்பீங்க. 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. டெலிகிராம் சாட்பாட்டில் கேட்டா, பாலிசிதாரரின் பெயர், போன் நம்பர், வரி விவரம், மருத்துவ ரிப்போர்ட் வரைக்கும் வருது. 3.1 கோடி வாடிக்கையாளர்கள், 7.24 டெராபைட் டேட்டா தன்கிட்ட இருக்குன்னு ஹேக்கர் சொன்னார். ஆரம்பத்தில் நிறுவனம் சொன்னது, பெரிய அளவில் பாதிப்பு இல்லை, முக்கியமான டேட்டா பத்திரமா இருக்கு. அக்டோபரில் சொன்னது, சைபர் தாக்குதலுக்கு ஆளானோம், சில டேட்டாவை சட்டவிரோதமா எடுத்திருக்காங்க. ராய்ட்டர்ஸ் போன் போட்டுக் கேட்ட பாலிசிதாரர்களோ, எங்களுக்கு எந்தத் தகவலும் வரலையேன்னு சொன்னாங்க.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் விஷயம் போச்சு. வழக்குப் போட்டது நிறுவனம். டெலிகிராம் மேலயும் ஹேக்கர் மேலயும். இந்தியாவில் அந்த சாட்பாட்டுகளைத் தடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் கிடைச்சது. நல்ல விஷயம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அது வெளியே போன டேட்டாவை மூடி வைக்கிற வழக்கு. உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தர்ற வழக்கு இல்லை.

அடுத்த வருஷம், 2025ல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, சைபர் பாதுகாப்பு விதிகளை மீறினதுக்காக ஸ்டார் ஹெல்த்துக்கு 3.39 கோடி ரூபாய் அபராதம் போட்டது. செய்தியைப் பார்த்துட்டு "செம, மாட்டினாங்க"ன்னு ஸ்டேட்டஸ் போட்டவங்க உண்டு. அந்தப் பணத்தில் பாலிசிதாரருக்கு எவ்வளவு வந்தது? ஒரு ரூபாய்கூட இல்லை. ஒழுங்குமுறை அமைப்பு போடுற அபராதம் பாதிக்கப்பட்டவருக்கு வர்ற பணம் கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் மனசுல பதிஞ்சாலே இந்தப் பதிவு எழுதின பலன் எனக்குக் கிடைச்ச மாதிரி.

250 கோடின்னு சொல்றாங்களே?

ஆமா. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. டேட்டாவைப் பாதுகாக்கத் தவறினா 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவை மறைச்சா 200 கோடி வரை. ரீல்ஸ்ல எல்லாரும் இந்த நம்பரைத்தான் காட்டுறாங்க. யாரும் காட்டாத பகுதி, அந்த அபராதம் மொத்தமும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும் என்கிற பிரிவு. பாதிக்கப்பட்ட நோயாளி இழப்பீடு கேட்க அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. மாறா, பொய்ப் புகார் மாதிரி விஷயங்களுக்கு புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

2019ல் நாடாளுமன்றத்தில் வச்ச பழைய மசோதாவில் தனிநபர் இழப்பீடு கேட்கும் உரிமை இருந்தது. அதை 2022 ஆகஸ்டில் திரும்பப் பெற்றாங்க. புதுசா வந்த சட்டத்தில் அந்த உரிமை இல்லை. என் கருத்து கேட்டா, இது பெரிய தப்பு. வீட்டில் திருடு போனா திருடனுக்கு ஜெயில், நகை கிடைச்சா நமக்கு. டேட்டா போனா மட்டும் தண்டப் பணம் கஜானாவுக்கு, தொல்லை போன் நமக்கு. இது என்ன நியாயம்?

சரி, அப்போ இதுவரைக்கும் இழப்பீட்டுக்கு எந்தச் சட்டம் இருந்தது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ஏ. உங்களோட சென்சிட்டிவான தகவலைக் கையாளுற ஒரு நிறுவனம், நியாயமான பாதுகாப்பு செய்யாம அலட்சியமா இருந்து, அதனால உங்களுக்கு நஷ்டம் வந்தா, இழப்பீடு கொடுக்கணும். மருத்துவ ஆவணம் சென்சிட்டிவ் தகவல்தான்னு 2011 விதிகள் தெளிவா சொல்லுது. 'நிறுவனம்'னா கார்ப்பரேட் ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. தனி ஆள் நடத்துற கிளினிக், லேப் எல்லாம் அந்த வரையறைக்குள்ள வரும்.

எங்க ஊர் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு வந்தவங்களுக்குத் தெரியும். அங்க ரெண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஒண்ணு மூடினா இன்னொண்ணு திறக்கும். சாமியைப் பார்க்க எப்பவும் ஒரு வழி உண்டு. நம்ம சட்டத்துலயும் ரெண்டு வாசல் மாறப் போகுது. 2025 நவம்பரில் புதுச் சட்டத்துக்கான விதிகளை அறிவிச்சாங்க. அந்த அறிவிப்பின்படி முக்கியமான கடமைகள் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வரும். அதே நாளில் 43ஏ நீக்கப்படும். சிக்கல் என்னன்னா, புதுசாத் திறக்கிற வாசல் இழப்பீட்டுக்குப் போற வாசலே இல்லை.

புதுச் சட்டத்தில் நல்லதே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கசிவு நடந்தா பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் தாமதமில்லாம சொல்லணும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள்ள முழு விவரம் கொடுக்கணும். ஸ்டார் ஹெல்த் பாலிசிதாரர்கள் செய்தியாளர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க இல்லையா, அந்த நிலைமை மாறணும்னா இது வேணும். ஆனா தகவல் வர்றது வேற, பணம் வர்றது வேற.

எங்கே போகலாம்?

முதல்ல 43ஏ வழி. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் இதுக்குத் தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரை அவரிடமே கேட்கலாம். தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010 ஏப்ரலில் ஃபிஷிங் மோசடியில் பணம் இழந்த தூத்துக்குடி கணக்குதாரர் ஒருத்தருக்கு, ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் கொடுக்கணும்னு நம்ம தமிழ்நாட்டு அதிகாரிதான் உத்தரவு போட்டார். மருத்துவ வழக்கு இல்லை, வேற பிரிவு, ஆனா அதே மேஜை. உற்சாகமா இருக்கா? ஒரு நிமிஷம். மேல்முறையீட்டைக் கேட்க வேண்டிய சைபர் தீர்ப்பாயத்துக்கு 2011ல் இருந்து தலைவரே இல்லை. 2017ல் அதை டிடிசாட்டோட இணைக்கிற வரைக்கும் கோப்புகள் தூங்குச்சு.

செலவும் இருக்கு. நீங்க கேட்கிற தொகைக்கு ஏத்த மாதிரி கட்டணம். 1 லட்சம் கேட்டா 5,000 ரூபாய். 5 லட்சம் கேட்டா 13,000. அதோட, நஷ்டம் நடந்ததை நிரூபிக்கணும். "என் ரிப்போர்ட் வெளியே போச்சு, ராத்திரி தூக்கம் வரலை"ன்னா 43ஏ-யில் நிற்கிறது கஷ்டம். சித்தப்பாவுக்கு 18,400 போச்சு, அது நஷ்டம். ஸ்டார் ஹெல்த் பாலிசி வச்சிருந்து இன்னும் எதுவும் நடக்காத உங்களுக்கு? வாதாடலாம், உத்தரவாதம் இல்லை.

அதனால சம்பளக்காரங்களுக்கு நான் முதல்ல சொல்றது ரெண்டாவது வழி, நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47)னு ஒண்ணு இருக்கு. நுகர்வோர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை சட்டப்படி இல்லாம மத்தவங்களுக்கு வெளியிடுறது 'முறையற்ற வணிக நடைமுறை'. நோயாளிகளுக்காகவே எழுதின மாதிரி இருக்குல்ல? ஹேக்கர் திருடிட்டுப் போனா "நாங்க வெளியிடலையே"ன்னு அவங்க சொல்லலாம். அப்போ சேவைக் குறைபாடுன்னு கேட்கணும். புகார்ல ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க. மன உளைச்சலுக்கும் இங்க இழப்பீடு கேட்கலாம், கொடுக்கவும் செய்றாங்க.

கட்டணம்? நீங்க அந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா, பூஜ்யம். நீங்க கேட்கிற இழப்பீடு இல்லை, நீங்க கட்டின பில்தான் கணக்கு. 1,450 ரூபாய் டெஸ்டுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ருதி தளத்துலயே ஆன்லைன்ல போடலாம். நிறுவனத்தோட ஆபீஸ் எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருவெள்ளறையில இருக்கிற சித்தப்பாவுக்குத் திருச்சி ஆணையம் போதும். பெங்களூருல வேலை பார்க்கிற நீங்க பெங்களூருலயே போடலாம். கெடு 2 வருஷம்.

"கம்பெனி கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ், பிரீமியம் நான் கட்டலை, நான் நுகர்வோரா?" கமெண்ட்ல இது வரும்னு தெரியும். சேவையின் பயனாளியும் நுகர்வோர்தான்னு சட்டத்தின் வரையறையே சொல்லுது. ஆனா எல்லாருக்கும் முழு இலவசமா சிகிச்சை தர்ற அரசு ஆஸ்பத்திரியில் இருந்து கசிஞ்சா, இந்தக் கதவு பொதுவா திறக்காது.

ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவங்க நிறைய பேர் இருந்தா, ஆணையத்தோட அனுமதி வாங்கி ஒருத்தர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் புகார் போடவும் பிரிவு 35ல் இடம் இருக்கு. அமெரிக்காவில் ஆந்தம் காப்பீட்டு நிறுவனத்தில் 2015ல் கிட்டத்தட்ட 7.9 கோடி பேர் டேட்டா போச்சு. மக்கள் கூட்டா வழக்குப் போட்டாங்க, 11.5 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. சிங்கப்பூரில் 2018ல் சிங்ஹெல்த்தில் இருந்து பிரதமர் உட்பட 15 லட்சம் பேர் விவரம் போனப்ப, சிங்ஹெல்த்துக்கும் அதன் ஐடி நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம். கூட்டு வழக்கு நம்ம ஊர்லயும் முடியும். யாராவது முதல் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.

லேப் ஊழியரே காசுக்கு லிஸ்ட்டை வித்திருந்தா அது கிரிமினல் விஷயம். ஐடி சட்டம் 72ஏ-ல 3 வருஷம் வரை சிறை. அதுக்கு போலீஸ் புகார்.

ஆதாரம், ஆதாரம், ஆதாரம்

இப்போ சித்தப்பா அழிச்ச மெசேஜுக்கு வருவோம். எந்த வழியில் போனாலும் எதிர்த்தரப்பு கேட்கப் போற முதல் கேள்வி, "எங்ககிட்ட இருந்துதான் போச்சுன்னு என்ன ஆதாரம்?" உங்க போன் நம்பர் நூறு இடத்துல இருக்கு. ஆனா 9.2 என்கிற அந்த நம்பர்? அது லேபுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த நம்பர் இருந்த மெசேஜ்தான் கேஸோட உயிர். அதைத்தான் அவர் அழிச்சார்.

அதனால தொல்லை மெசேஜ் வந்தா கோபத்துல டெலீட் பண்ணாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஒரிஜினலையும் வச்சிருங்க. 2024 ஜூலையில் இருந்து அமலில் இருக்கிற பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63ன்படி மின்னணு ஆதாரத்தோட ஒரு சான்றிதழும் கொடுக்கணும். அதுக்கு அந்த போனே உங்க கையில இருக்கிறது நல்லது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல கொடுத்துடாதீங்க.

பணம் போயிருந்தா வேற எதையும் யோசிக்காம 1930க்குப் போன். அப்புறம் வங்கிக்கு எழுத்துல புகார். 3 வேலை நாளுக்குள்ள சொல்றது உங்க பொறுப்பைக் குறைக்கும். சித்தப்பா அஞ்சு நாள் யார்கிட்டயும் சொல்லலை.

அடுத்தது, ஆஸ்பத்திரி அல்லது லேபோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில். போன் வேண்டாம், மெயில். என் எந்தெந்தத் தகவல் உங்ககிட்ட இருக்கு, யார் யாருக்குக் கொடுத்தீங்க, கசிவு நடந்ததா, என்ன நடவடிக்கை எடுத்தீங்க, இதைக் கேளுங்க. 2011 விதிப்படி ஒரு மாசத்துக்குள்ள அவங்க தீர்வு சொல்லணும். சொல்லலைன்னா அதுவே உங்க புகாரோட முதல் இணைப்பு. உங்க மருத்துவ ஆவணங்களையும் கேளுங்க. நோயாளி கேட்டா டாக்டர் 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002 மருத்துவ கவுன்சில் விதிமுறை இருக்கு.

ஒரு சின்ன டிரிக். அடுத்த தடவை லேப்ல மெயில் ஐடி கேட்டா, உங்க ஜிமெயில் பெயருக்குப் பின்னாடி ஒரு கூட்டல் குறி போட்டு அந்த லேபோட பெயரைச் சேர்த்துக் கொடுங்க. மெயில் வழக்கம்போல உங்களுக்கே வரும். நாளைக்கு அதே முகவரிக்கு எவனாவது சுகர் மாத்திரை விற்க மெயில் போட்டா, எங்க இருந்து போச்சுன்னு நிரூபிக்க வேற ஆராய்ச்சி வேண்டாம். எல்லா லேப் சாஃப்ட்வேரும் கூட்டல் குறியை ஏத்துக்காது, முயற்சி பண்ணிப் பாருங்க.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இதுல லட்சக்கணக்குல கிடைக்கும்னு நம்பி இறங்காதீங்க. ஹியரிங்குக்கு லீவு போடணும், தேதி தள்ளிப் போகும், எதிர்த்தரப்பு வக்கீலோட வரும். கையில போன தொகையும், மன உளைச்சலுக்குக் கொஞ்சமும், வழக்குச் செலவும் வந்தாலே பெருசு. 2,000 ரூபாய் விஷயத்துக்கு இது தேவையான்னு கேட்டா, பண ரீதியா தேவையில்லைன்னுதான் என் எக்செல் ஷீட் சொல்லும். ஆனா அஞ்சரைப் பைசாவுக்கு விலை போற டேட்டாவை எந்த லேபும் செலவு பண்ணிப் பாதுகாக்காது. புகார்கள் அவங்களுக்குச் செலவு வச்சா மட்டும்தான் அந்தக் கணக்கு மாறும். 43ஏ வழியில் போக நினைக்கிறவங்க 2027 மே வரை காத்திருக்க வேண்டாம். பழைய சம்பவத்துக்கு அப்புறமும் உரிமை உண்டுன்னு வாதம் வைக்கலாம். ஆனா வாசல் திறந்திருக்கிறப்பவே உள்ள போயிடுறது நல்லதில்லையா?

சித்தப்பா கேஸ் எங்க நிக்குதுன்னா, மெசேஜ் போனாலும் வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கு, லேப் பில் இருக்கு. போன் வந்த நம்பரையும் நேரத்தையும் சித்தி காலண்டர் ஓரத்துல எழுதி வச்சிருந்தாங்க. எதுக்குன்னு கேட்டா, "சுகர் மாத்திரை டிஸ்கவுன்ட்ல தரேன்னாங்களே, திரும்பக் கூப்பிடலாம்னு." லேபுக்கு மெயில் போட்டோம். "எங்க சர்வர் பாதுகாப்பா இருக்கு"ன்னு ஒரு வரிப் பதில் வந்தது. கேட்ட நாலு கேள்விக்கும் பதில் இல்லை. அதையும் பிரின்ட் எடுத்து ஃபைல்ல வச்சாச்சு. இ-ஜாக்ருதில புகாரை டைப் பண்ணிக்கிட்டிருக்கேன். திருச்சி ஆணையத்துல நம்பர் விழுந்ததும் என்ன எழுதினேன், என்னென்ன இணைச்சேன்னு பெயர் விவரம் மறைச்சு வீடியோவா போடுறேன்.